பஸீர் இருக்கும் வீடு

லென்ஸில் ஒரு தூசி இருந்தது. தூடா அதைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள், வாயால் ஊதினாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவே லென்ஸைப் பிடித்து, பேரீச்சம்பழ வியாபாரி பௌஜ்மாவின் வலது கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனாள். மறுகையில் போன் இருந்தது. அதன் சின்ன வெளிச்சம் லென்ஸைக் கடந்து, கண்மணியைக் கடந்து, கண்ணின் பின்சுவரில் போய் விழுந்தது. தூசி அங்கேயும் இருந்தது.

“என்னம்மா, புதையல் ஏதாவது தெரியுதா?” என்றார் பௌஜ்மா. “இருந்தா பாதி எனக்கு. கண்ணு என்னோடது.”

“ஆடாம இருங்க. மேல பாருங்க.”

“மேல பாத்து என்ன ஆகப்போகுது? மேலயும் இருட்டு, கீழயும் இருட்டு.”

அது உண்மைதான். அந்த க்ஸாரில், மதில் சூழ்ந்த அந்த மண் ஊரில், தெருக்களுக்கும் கூரை உண்டு. மண்சுவர்களுக்குக் குறுக்கே பேரீச்சந்தடிகளைப் போட்டு அவற்றின் மேலேயும் வீடுகளைக் கட்டியிருந்ததால், வெளியே வெயில் கல்லை வெடிக்கவைக்கும் நேரத்திலும் உள்ளே தெரு தொண்டைக்குழி மாதிரி குளிர்ந்து கிடக்கும். எங்கோ தூரத்தில் கூரையில் விட்ட ஓட்டை வழியாக ஒரு தூண் வெளிச்சம் இறங்கும், அதைத் தாண்டினால் மறுபடி இருட்டு, ஈர மண்ணின் வாசனை, ஆடுகளின் வாசனை, யார் வீட்டிலோ ரொட்டி சுடும் புகை. நகரத்து மருத்துவமனையில் கண்மணியை விரிய வைக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். இங்கே அது தேவையில்லை. தெருவின் வளைவில் ஆளைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் போதும், கண்மணி தானாகவே பெரிதாகத் திறந்துவிடும். அதனால்தான் பார்வை நரம்பைப் பற்றி ஆராய்கிறவர்கள் இந்த க்ஸாரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்க, படித்த வரைக்கும் படித்திருந்த தூடாவிடம் போனையும் லென்ஸையும் கொடுத்தார்கள்.

அந்த லென்ஸ் வழியாகத் திரையில் வருகிற படம் எப்போதும் தலைகீழாக வரும். பழகிவிட்டால் அது ஒரு தொந்தரவில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு தரை, அதில் வேர்கள் மாதிரி ரத்தக்குழாய்கள், அவையெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். அந்த வட்டம்தான் நரம்பின் வாசல். பொத்தானை அழுத்தியதும் செயலி ஒரு கணம் யோசித்துவிட்டுப் படத்தை நேராகத் திருப்பிக் காட்டும்.

பௌஜ்மாவின் படமும் அப்படித் திரும்பியது. தூசியும் கூடவே திரும்பியது. தலைகீழாக இருந்தபோது அது வௌவால் தொங்குவது போலிருந்தது. நேரான பிறகு அப்படி இல்லை. வட்டத்தின் ஓரத்தில், சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு, யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

லென்ஸில் கீறல், என்று நினைத்துக்கொண்டாள். கீறலென்றால் எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும். முந்தைய படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பௌஜ்மாவின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரி, அவளுடைய மாமியார். எல்லாவற்றிலும் இருந்தது, எள்ளளவு, அதே ஓரத்தில். மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் ஒன்றில் அது இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் வலப்பக்கம்.

கடைசியாகத் தன் மகள் இஸ்ஸாவின் படத்தைத் திறந்தாள். அதில் யாரும் இல்லை. வட்டம் சுத்தமாக இருந்தது. தூடா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மூச்சு விட்டாள்.

இஸ்ஸாவின் வட்டத்தில் வேறொரு குறை இருந்தது. நரம்பின் நடுவே இருக்கும் வெளுத்த குழி, அவள் வயதுக்கு மீறி அகலமாக இருந்தது. சில மாதங்களாகவே அவள் இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். பாயில் இடப்பக்கம் வைத்த கிண்ணத்தைக் கையால் தட்டிவிடுவாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சாகும் நோய் அது. இஸ்ஸாவின் அப்பா மோஹாவுக்கும் அப்படித்தான் வந்தது, முப்பது தாண்டியதும் எல்லாம் அணைந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் கிஸ்லான் சொல்லியிருந்தார். க்ஸாரின் படங்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டதும் வண்டி அனுப்புவார்கள். அந்த வண்டிக்காகத்தான் தூடா இந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. டாக்டர்தான்.

“தூடா, உங்க ஊர்ல பார்வை போனவங்க ஒருத்தர்கூட இல்லையா?”

“இருக்காங்களே டாக்டரம்மா. ஒருத்தர் விடாம எழுதியிருக்கேனே.”

“எல்லாரையும் பஸீர்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. பஸீர்தானே.”

“பஸீர்னா பார்வை உள்ளவர்,” என்றார் டாக்டர்.

தூடாவுக்குக் காது சுட்டது. அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்குத் தெரியாமலில்லை. புத்தகத்து அரபியில் அது பார்வை உள்ளவர்தான். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த யாரும் கண்ணில்லாதவரைக் கண்ணில்லாதவர் என்று சொல்ல மாட்டார்கள். கெட்டதை அதன் பெயரால் கூப்பிடுவதில்லை. நெருப்புக்கு ‘நலம்’ என்று பெயர். கரிக்கு ‘வெள்ளை’. கண் போனவர் பஸீர். செயலி ‘பஸீரா?’ என்று கேட்டபோதெல்லாம், கண்ணில்லாதவர் இருந்த ஒவ்வொரு வீட்டிலும், அவள் மரியாதையாக ஆமாம் என்று அழுத்தியிருந்தாள்.

தலைநகர் ரபாத்காரரான டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். படத்தில் நரம்பு செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் பார்வை உள்ளவர் என்று எழுதியிருக்கிறது. தூடா வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டுகிறாள் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்களாம். இன்று இருட்டுவதற்குள் திருத்தாவிட்டால் க்ஸாரையே நீக்கிவிட்டு வண்டியை வேறு பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடுவார்கள். திருத்தம் செய்ய வேண்டுமானால் ஆளை நேரில் பார்க்க வேண்டும், புதுப்படம் எடுக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் செயலி எதையும் அனுப்பாது.

“உங்க பொண்ணு பேரும் அதுக்குள்ளதான் இருக்கு தூடா. மரியாதையெல்லாம் வேணாம். உள்ளது உள்ளபடி எழுதுங்க.”

திருத்தத்தைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினாள். அவள் கணவன் மோஹா சுவரோரமாகச் சாய்ந்து, மடியில் பேரீச்சம் ஓலைகளைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தான்.

“அப்போ எனக்குக் கண்ணு தெரியும்னு எழுத்துல இருக்கு. யாராவது சாவி கொடுங்கப்பா, ரிஸானி சந்தைக்கு லாரி எடுத்துட்டுப் போறேன்.”

இஸ்ஸாவும் சிரித்தாள். தூடா சிரிக்கவில்லை. அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சத்தை உள்ளே விட்டாள். மோஹாவின் நரம்பு வட்டம் உடைத்த எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. படம் நேராகத் திரும்பியபோது அவள் கை தானாக நின்றது. மற்றவர்கள் கண்ணில் எள்ளளவு இருந்தது இங்கே விரல்நகம் அளவு இருந்தது. ஓரத்தில் இல்லை. நட்டநடுவில். சம்மணம், மடியில் கோத்த கைகள், குனிந்த தலை.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், பார்வை போன கடைசி நாட்களில் அவனுக்கு என்ன தெரிந்தது என்று. இதற்கு முன் அவள் கேட்டதில்லை. கேட்பது முறையாகத் தோன்றியதில்லை.

மோஹா ஓலையைக் கீழே வைத்தான். “நம்ம தெரு மாதிரிதான். ரெண்டு பக்கமும் சுவர் நெருங்கி நெருங்கி வந்து, கோடியில ஒரு துளி வெளிச்சம் மட்டும் நின்னுச்சு. அந்த வெளிச்சத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெளிச்சம் போயிடுச்சு.” ஓலையை மறுபடி கையில் எடுத்தான். “அவர் போகல.”

“இப்பவும் இருக்காரா?”

“சும்மா உட்கார்ந்திருக்கார் தூடா. ஒண்ணும் பண்றதில்ல. எல்லா பஸீருக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

இஸ்ஸா ரொட்டிக்காகக் கையை நீட்டினாள். ரொட்டி இடப்பக்கம் இருந்தது. கை பாயைத் தடவிக்கொண்டே போய் மோர்க் கிண்ணத்தைத் தட்டியது.

தூடா செயலியைத் திறந்து, மோஹாவின் பெயருக்கு எதிரே ‘பார்வை இல்லை’ என்பதை அழுத்தினாள். அழுத்தும் முன் அதை உரக்கச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். விதி அப்படி. கணவனின் முகத்துக்கு நேராக அந்த வெறும் சொல்லை, குருடன் என்பதை, அவள் முதல்முறையாகச் சொன்னாள். மோஹா சரி என்று தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

மற்ற வீடுகளில் அது இன்னும் மோசமாக இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் அவள் கேள்வியைக் கேட்டதும் தம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு மகன், என் அப்பாவை என் வீட்டுக்குள்ளேயே வைத்து அப்படிச் சொல்கிறாயா, உன் புருஷனைப் போய்ச் சொல் என்றான். சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள் தூடா. தையல்காரி ஒருத்தி, நெருப்பை நெருப்பு என்று சொல்லிப் பார், பாவாடை பற்றிக்கொள்ளும் என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனாள். தூடா இஸ்ஸாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள். கெஞ்சிக் கெஞ்சி ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொன்னாள், படம் எடுத்தாள், அழுத்தினாள்.

படங்களை அவள் பார்க்காமலே தள்ளிவிட நினைத்தாள். முடியவில்லை. செயலி ஒவ்வொன்றையும் நிதானமாகத் திருப்பிக் காட்டியது. ஒன்றில் அந்த உருவம் குனிந்த தலையை நிமிர்த்தியிருந்தது. அடுத்ததில் மடியில் கோத்திருந்த கைகள் பிரிந்திருந்தன. அதற்கடுத்ததில் ஒரு கை தரையில் ஊன்றியிருந்தது, வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துகொள்ளத் தயாராவது போல.

கூரை ஓட்டைகளில் இறங்கிய வெளிச்சம் பழுத்து, சிவந்து, சுவரின் பாதிக்கு மேலே ஏறிவிட்டது. செயலியில் ஒரே ஒரு வீடு மிச்சமிருந்தது. ஹத்தாவின் வீடு.

அந்த வீடு க்ஸாரின் கடைசித் திருப்பத்தில், வெளிச்ச ஓட்டையே இல்லாத முட்டுச்சந்தில் இருந்தது. முதல் சுற்றில் தூடா அங்கே உள்ளே போகவில்லை. வாசலில் நின்ற விதவை ஹத்தா, உள்ளே ஒரு பஸீர் இருக்கிறார், இப்போது பார்க்க முடியாது என்றாள். தூடா பஸீர் என்று அழுத்திவிட்டு, படத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். அந்த வீட்டில் ஹத்தாவைத் தவிர யாரும் இருந்து ஒருநாளும் பார்த்ததில்லையே என்று இப்போதுதான் தோன்றியது.

சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். சுவர் ஈரமாக, உள்ளங்கைக்குக் கதகதப்பாக இருந்தது. பின்னால் வழக்கமாகக் கேட்கும் சத்தங்கள், ஆட்டின் கத்தல், உரலில் மசாலா இடிக்கும் ஓசை, பிள்ளைகளின் கூச்சல், திருப்பத்துக்குத் திருப்பம் மெலிந்து கடைசியில் கத்தரித்தது போல நின்றுபோயின. அவள் செருப்பின் சத்தம் மட்டும் சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்பியது. திரும்ப வேண்டியதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

கதவு திறந்திருந்தது. ஹத்தா நிலைப்படியில், இவளுக்காகவே காத்திருந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“லல்லா ஹத்தா,” என்று மரியாதையாகக் கூப்பிட்டாள் தூடா. “உங்க வீட்டுல கண்ணு தெரியாதவரை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

“கண்ணு தெரியாதவங்க யாரும் இங்க இல்லையேம்மா.”

“அன்னைக்கு நீங்கதானே பஸீர் இருக்கார்னு சொன்னீங்க.”

“ஆமா. பஸீர் இருக்கார்,” என்றாள் ஹத்தா. அதைச் சொன்ன விதத்தில் மரியாதை இல்லை, மறைப்பும் இல்லை. தண்ணீர் இருக்கிறது, கதவு இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். “நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்பவே இருந்தார். ஊர்ல மத்தவங்களை அந்தப் பேரால கூப்பிடறது இவரைப் பாத்துத்தான்.”

தூடாவுக்குத் திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. கையில் போன் அதிர்ந்தது. டாக்டரின் செய்தி: ஒருவர் மட்டும் மீதி, சீக்கிரம்.

“என் பொண்ணு கண்ணு, லல்லா,” என்றாள். “ஒரே ஒரு படம்.”

ஹத்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நெருப்பை நாம நலம்னு கூப்பிடறோம். அதைக் கேட்டுக்கிட்டு அது அடுப்புக்குள்ளயே இருக்கு. இவரோட பேரை மாத்தாம இருந்தா போய்ப் பாரு.” சொல்லிவிட்டுக் காலை மடக்கி வழி விட்டாள்.

அறைக்கு ஜன்னல் இல்லை. நுழைந்ததும் பழைய பேரீச்சம்பழத்தின் புளித்த இனிப்பு வாசனை, அதற்கடியில் வேறொன்று, மூடிவைத்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர் வாசனை. இருட்டு கண்ணுக்கு எதிரே நிற்கவில்லை, கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. தூடா தன் கண்மணிகள் விரிவதை உணர்ந்தாள், வலிக்கும் அளவுக்கு.

எதிர்ச்சுவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சம்மணம். மடியில் கைகள்.

“வா மகளே,” என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. யார் வீட்டுக் கூடத்திலும் கேட்கக்கூடிய குரல். “லென்ஸை நல்லாத் துடைச்சியா?”

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். போனின் வெளிச்சத்தைப் போட்டாள். முகத்தைப் பார்க்காமல் கண்ணை மட்டும் பார்க்கக் கற்றிருந்தாள், அந்தப் பழக்கம் இப்போது உதவியது. கண்களில் வெண்மை படரவில்லை. கண்மணிகள் முழுதாகத் திறந்திருந்தன. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

லென்ஸை நடுவே பிடித்தாள். திரையில் ஆரஞ்சுத் தரை வரவில்லை. வேர்கள் வரவில்லை. வட்டம் வரவில்லை.

ஒரு தெரு வந்தது. கூரை போட்ட தெரு. தலைகீழாக. அதன் கோடியில் ஒரு துளி வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு பாய், ஒரு தாழ்ந்த மேசை, ஒரு மோர்க் கிண்ணம். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்.

விரல் தானாக அழுத்தியது. செயலி யோசித்தது. திருப்பியது.

இஸ்ஸா. வீட்டில். இந்த நிமிஷம். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், யாரோ கூப்பிட்டது போலத் தலையை நிமிர்த்தினாள்.

தூடா பின்னால் நகர்ந்தாள். முதுகு ஈரச் சுவரில் மோதியது.

“உன் பொண்ணு கண்ணு அழகா இருக்கு,” என்றார் அவர். “வெளிச்சமான வீடு. உன் புருஷனோடது சின்ன வயசுல அப்படித்தான் இருந்துச்சு. என்னை என்னன்னு எழுதப் போற?”

திரையில் கேள்வி ஒளிர்ந்தது. பார்வை உண்டு. பார்வை இல்லை. உண்டு என்று அழுத்தலாம். அதுதான் உண்மை; இந்தப் படத்தைப் பார்த்தவளுக்கு அது தெரியும். ஆனால் நகரத்தில் திறந்து பார்ப்பவர்களுக்கு? நரம்பே இல்லாத படம், பக்கத்தில் பார்வை உண்டு. மறுபடியும் இட்டுக்கட்டு. மறுபடியும் பஸீர். வண்டி வேறு பள்ளத்தாக்குக்குப் போகும். இஸ்ஸாவின் இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி நெருங்கி வரும்.

“சொல்லணும்ல,” என்றார் அவர். “சொல்லிட்டுத்தானே அழுத்தணும். விதி.”

“குருடர்,” என்றாள்.

அழுத்தினாள்.

அறையில் எதுவும் நடக்கவில்லை. புளித்த வாசனை. குளிர். அவள் மூச்சு மட்டும். அவருடைய மூச்சு கேட்கவில்லை. இதுவரைக்கும் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

“இத்தனை காலம் நல்ல பேராத்தான் கூப்பிட்டாங்க,” என்றார். குரலில் கோபமில்லை. “எனக்கும் எதுவும் தேவைப்படல. சும்மா உட்கார்ந்திருந்தேன்.” துணி உரசும் ஓசை. முட்டி மடங்கி நிமிரும் ஓசை. “கண்ணு இல்லேன்னு ஆயிடுச்சுன்னா, ஒண்ணு வேணுமே மகளே.”

போனின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்தது. அங்கே யாருமில்லை. சுவரில் மட்டும், சாய்ந்து சாய்ந்து வழவழப்பான ஓர் இடம்.

வெளியே ஹத்தா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூடா அவளைத் தாண்டி ஓடினாள். திருப்பம். சுவர். திருப்பம். ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை. எதிரே வந்த பௌஜ்மா ஏதோ கேட்டார், தன் கண்ணை ஏதோ உறுத்திக்கொண்டிருந்ததாகவும் சற்று முன் விட்டுவிட்டதாகவும் சொன்னது போலிருந்தது. அவள் நிற்கவில்லை. கையில் போன் கிணுகிணுத்தது. ஓடிக்கொண்டே பார்த்தாள். க்ஸார் ஏற்கப்பட்டது. வண்டி வருகிறது. முதல் பெயர் இஸ்ஸா. கீழே டாக்டர் ஒரு சிரித்த முகம் போட்டிருந்தார்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோஹா அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஆனால் முகத்தை நிமிர்த்தி, கூரையைப் பார்ப்பவன் போல.

“தூடாவா?” என்றான். “அவர் எழுந்துட்டார்.”

அவள் உள்ளே வந்து அவன் எதிரே நின்றாள்.

“உள்ள இப்ப யாருமில்ல. காலி. எழுந்து நடந்து போனார், காலடி கேட்டுச்சு.”

“எந்தப் பக்கம்?”

மோஹா முகத்தை மெதுவாக உள்ளறையின் பக்கம் திருப்பினான்.

“இஸ்ஸா,” என்று கூப்பிட்டாள்.

“வர்றேன்மா.”

இஸ்ஸா வந்தாள். உள்ளறையின் இருட்டிலிருந்து, சுவரைத் தொடாமல், நேராக. இடது தோள் கதவு நிலையில் இடிக்கவில்லை. பாயைச் சுற்றி வந்து, இடப்பக்கம் இருந்த மோர்க் கிண்ணத்தைப் பார்க்காமலே எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

“அம்மா, ஓரமெல்லாம் தெரியுது,” என்றாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தூடாவின் நெஞ்சு சந்தோஷத்தால் நிறைந்தது. கைகளை நீட்டி மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். இஸ்ஸா அவள் கண்களையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உன் முதுகுல மண்ணு ஒட்டியிருக்கும்மா,” என்றாள்.

விளக்கு அவளுடைய முகத்துக்கு நேரே எரிந்தது. கண்மணிகள் முழுதாகத் திறந்திருந்தன. சுருங்கவில்லை.

தூடா போனை எடுத்தாள். லென்ஸைப் பிடித்தாள். திரையில் ஆரஞ்சுத் தரை வந்தது. வேர்கள் வந்தன. வட்டம் வந்தது. எல்லாம் எப்போதும் போலத் தலைகீழாக. அதற்குள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் நேராக.

அழுத்தினாள். செயலி யோசித்தது. திருப்பியது. வேர்கள் திரும்பின. வட்டம் திரும்பியது. அவர் திரும்பவில்லை. நின்றபடியே நின்றார், இன்னும் ஓரடி அருகில்.

முகம் தெரியவில்லை. மங்கலாக இருந்தது. தூடா தலைத்துணியின் நுனியை எடுத்தாள். பழக்கம். லென்ஸைத் துடைத்தாள். மறுபடி மகளின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

உள்ளிருந்தும் ஒரு கை துடைத்துக்கொண்டிருந்தது.